சொன்னவண்ணம் செய்ய முதலில் சொல்ல வேண்டும்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்கு அந்தப் பெயர் வந்த கதை ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுப் போகச் சொல்கிறான். சீடன் இல்லாத ஊரில் எனக்கென்ன வேலை என்று திருமழிசை ஆழ்வாரும் கிளம்புகிறார். கிளம்புகிறவர் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். பெருமாளும் வருகிறார். அவர்கள் ஓர் இரவு இருந்த இடம் ஓரிரவிருக்கை. நாளடைவில் அது ஓரிக்கை. மன்னன் பிழை உணர்ந்து வேண்டிக்கொள்ள, ஆழ்வார் மறுபடி சொல்ல, பெருமாள் திரும்பிப் போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார். அதனால் அவருக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்தப் பெயரில் ஒரு நிர்வாக நுட்பம் இருக்கிறது. சொன்னவண்ணம் செய்தார் என்று ஒருவரைப் பாராட்டவோ, ஏன் செய்யவில்லை என்று கேட்கவோ வேண்டுமானால், அதற்கு முன்னால் நாலு பேர் அறிய ஒரு சொல் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஊர்க் குடிநீர் விஷயத்தில் நம் புகார்கள் அத்தனையும் செய்யாததைப் பற்றியவை: தண்ணீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது, குழாய் உடைந்து ஒரு வாரமாகிறது. சொல்லாததைப் பற்றிய புகார் அரிது. ஆனால் சொல்லாமைதான் செய்யாமைக்கு வேர் என்று நான் நினைக்கிறேன்.

காஞ்சிபுரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஓரிக்கைப் பாலாற்று மணலுக்கு அடியிலிருந்து வருகிறது; இன்னொரு பங்கு மேற்கே அதே ஆற்றின் திருப்பாற்கடல் பகுதியிலிருந்து. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் கடந்து வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறு, ஆண்டின் பெரும்பாலான நாட்கள் வெறும் மணல்வெளிதான். 2021 நவம்பரைப் போல எப்போதாவது கரை ததும்பப் போகும்போது ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். மற்ற நாட்களில் ஓரிக்கைப் பாலத்தின் மேல் பேருந்தில் உத்திரமேரூர் பக்கம் போகிறவர் கண்ணில் படுவது மணல், சீமைக் கருவேலம், சில ஆடு மாடுகள். தண்ணீர் இருப்பது கீழே. ஒரு கன மீட்டர் ஆற்றுமணலின் இடுக்குகளில் ஏறத்தாழ 300 லிட்டர் நீர் தங்கும். அதில் ஒரு பகுதி மெல்ல ஊறி உறிஞ்சு கிணற்றுக்கு வரும். மணல்தான் தொட்டி, மணல்தான் வடிகட்டி. அங்கிருந்து நீரேற்று நிலையம், மேல்நிலைத் தொட்டி, தெரு வால்வு, வீட்டுக் குழாய். இந்த வழியில் ஊர்க்காரர் தன் கண்ணால் பார்ப்பது கடைசிப் படியை மட்டும்தான்.

சென்னையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். சென்னைக்காரருக்குத் தன் ஊர்த் தண்ணீரின் இருப்புத் தெரியும். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகளில் எத்தனை அடி, எத்தனை மில்லியன் கன அடி என்று சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் அதைக் கிரிக்கெட் ஸ்கோர்போல ஒப்பிக்கின்றன. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி என்பது அந்த ஏரியைப் பார்த்தே இராதவருக்கும் மனப்பாடம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, வெடித்த ஏரித்தரையின் படம் உலகம் முழுக்கப் போனது. அதைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால் செம்பரம்பாக்கம் ஏரி இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். மாவட்டத்தின் ஒரு முனையில் இருக்கும் ஏரியின் அங்குலக் கணக்கு ஊரறிந்தது. மாவட்டத் தலைநகருக்கே தண்ணீர் தரும் ஆற்றுப்படுகைக் கிணற்றில் இன்று எத்தனை அடி நீர் என்பது வீட்டுப் பேச்சில் வருவதில்லை. நிலத்தடி நீர்மட்டம் மாதந்தோறும் அளக்கப்படுகிறது, மாவட்டச் சராசரியும் போடப்படுகிறது. ஆனால் மாவட்டச் சராசரியைக் கொண்டு ஒரு தெருவின் குழாயைப் புரிந்துகொள்ள முடியாது. ஏரி தன் கதையைத் தானே சொல்லும். மணல் சொல்லாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத நீரைக் குடிக்கும் ஊரில் தகவல் சொல்வது மரியாதை நிமித்தமான காரியம் அல்ல. அது இல்லாவிட்டால் ஊருக்கு வேறு சன்னலே கிடையாது.

சொல்லப்படாததற்கு ஒரு விலை இருக்கிறது, அதை வீடுதான் கொடுக்கிறது. தண்ணீர் குறைவாக வருவதைவிட, எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பது பல வீடுகளுக்குக் கூடுதல் தொல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் என்று உறுதியாகத் தெரிந்தால் அதற்கேற்ற பாத்திரம், அதற்கேற்ற வேலை. தெரியாவிட்டால் ஒருவர் காத்திருக்க வேண்டும், அந்த ஒருவர் பெரும்பாலும் பெண். பட்டுத்தறி வீட்டில் இந்தக் காத்திருப்பு நேராகக் கூலியில் போய்க் கை வைக்கிறது. கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் மற்றவரும் நிறுத்த வேண்டியதுதான். வசதியுள்ள வீடு இந்த நிச்சயமின்மையைக் காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ளும்: தரைக்கடியில் ஒரு சம்ப், மாடியில் ஒரு பெரிய டேங்க், குழாயிலேயே மாட்டி உறிஞ்சும் ஒரு மோட்டார். அந்த மோட்டார் அடுத்த வீட்டின் பங்கையும் சேர்த்து இழுக்கும். குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் இருக்கும் இடத்தில் சாக்கடை நீரையும் உள்ளே இழுக்கும். தகவல் இல்லாத இடத்தில் பயம் வரும். பயம் பதுக்கலில் முடியும். சர்க்கரைத் தட்டுப்பாட்டில் இதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சொல்வது நம் ஊர் அரசு அமைப்புகளால் ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. மின்வாரியம் சொல்கிறது: மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை காலை 9 மணி முதல் இன்னின்ன பகுதிகளில் மின்தடை என்று பத்திரிகையில் தெருப் பெயர்களோடு வருகிறது. அதைப் பார்த்துத்தான் கல்யாண வீட்டுக்காரர் ஜெனரேட்டர் பேசுகிறார், மாவு மில்லுக்காரர் முந்தின நாளே அரைத்து முடிக்கிறார். ரேஷன் கடை சொல்கிறது: அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் இருப்பு எவ்வளவு என்று பலகையில் எழுத வேண்டும், 2017இல் ஸ்மார்ட் அட்டை வந்த பிறகு, வாங்கிய பொருளின் கணக்கு கைப்பேசிக்கே குறுஞ்செய்தியாக வருகிறது. வாங்காத சர்க்கரைக்கு வந்த குறுஞ்செய்தியைக் காட்டிக் கடைக்காரரிடம் நியாயம் கேட்ட தாய்மார்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. மின்சாரத்துக்கும் அரிசிக்கும் ஆன ஏற்பாடு தண்ணீருக்கு மட்டும் ஏன் ஆகாது? கிராமத்து மேல்நிலைத் தொட்டிகளின் தூணில் சுத்தம் செய்த நாள் என்று பெயின்டால் எழுதி வைப்பார்களே, அதுவும் இதே வழக்கத்தின் ஒரு சிறு முளைதான். பல இடங்களில் கட்டம் போட்ட பெயின்ட் மட்டும் பளிச்சென்று இருக்கும், கட்டத்துக்குள் தேதி பழசாக இருக்கும். அந்தப் பழைய தேதியும் ஒரு தகவல்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஓரிக்கைப் பாலத்தைத் தாண்டிப் போகும் சாலை உத்திரமேரூருக்குப் போகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே சபை கூடிய மண்டபத்துச் சுவரில் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காக அவை புகழ்பெற்றவை. பாடப்புத்தகங்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. தேர்தல் எதற்கு என்று பார்த்தால், ஆண்டு வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஏரி வாரியத்துக்கும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவுகளுக்கும் மறுபடி இடமில்லை என்பது தகுதி விதிகளில் ஒன்று. அந்தச் சபை பிராமணர் ஊரின் சபை, அதில் எல்லோருக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை இன்றைய ஜனநாயகத்துக்கு மாதிரியாக நிறுத்துவது மிகை. என் கவனம் இன்னொன்றில் இருக்கிறது. விதிகளை ஓலையில் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். எல்லோரும் கூடும் இடத்தின் சுவரில், அழிக்க முடியாதபடி கல்லில் வெட்டினார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்கிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், கணக்குக் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் ஒரே சுவரில் தெரிந்தது. இன்று 1971 முதல் இயங்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பெயரில் இருக்கும் வாரியம், ஏரி வாரியத்தின் அதே வாரியம்தான். சொல் வந்து சேர்ந்திருக்கிறது, சுவர் இன்னும் வந்து சேரவில்லை.

சுவரில் எழுதினால் குழாயில் தண்ணீர் வந்துவிடுமா என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. இதற்கு அளந்து பார்த்த ஒரு பதில் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தில் 1996இல் ஒரு திருத்தம் வந்தது: ஒவ்வொரு குடிநீர் நிறுவனமும், நீர் எங்கிருந்து வருகிறது, அதில் என்னென்ன கலந்திருந்தது, எந்த அளவு வரம்பைத் தாண்டியது என்று ஆண்டுக்கொரு அறிக்கையை ஜூலை 1க்குள் தன் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். பெரிய நிறுவனங்கள் வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. சிறியவற்றுக்கு அதில் சலுகை இருந்தது. லோரி பெனியர், ஷீலா ஓம்ஸ்டெட் என்ற இரு பொருளியலாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குடிநீர் அமைப்புகளை எடுத்துக்கொண்டு, 1990 முதல் 2003 வரை நடந்த விதிமீறல்களை ஆராய்ந்தார்கள். 2008இல் வெளியான அவர்கள் முடிவுப்படி, அறிக்கையை நேரடியாகத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்த நிறுவனங்களில் மொத்த விதிமீறல் 30 முதல் 44 விழுக்காடு வரை குறைந்தது. உடல்நலத்தைப் பாதிக்கும் கடுமையான மீறல்கள் 40 முதல் 57 விழுக்காடு வரை குறைந்தன. எழுதி அனுப்ப வேண்டும் என்ற கட்டாயத்தின் பலன் இது. அந்த அறிக்கையை எத்தனை வீட்டில் படித்தார்கள், எத்தனை வீட்டில் பழைய பேப்பரோடு போட்டார்கள் என்பது வேறு விஷயம். நாளை ஆயிரம் வீட்டுக்குப் போகப்போகும் தாளில் ஒரு அசிங்கமான எண் இருக்கக் கூடாது என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் நினைத்ததே வேலை செய்திருக்க வேண்டும். தகவல் சொல்வது குடிமக்களுக்கு அறிவூட்டும் தொண்டு என்று நாம் நினைக்கிறோம். அதன் முதல் பலன் சொல்கிறவரிடத்தில்தான் விளைகிறது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வாக்கர்டன் என்ற சிறு ஊர் சாட்சி. 2000 மே மாதம் பெருமழையில் பண்ணைக் கழிவு ஊர்க் கிணற்றில் கலந்தது. நீரில் ஈ கோலை கிருமி இருப்பதாக ஆய்வகம் அனுப்பிய முடிவு குடிநீர் நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டது. நோயாளிகள் பெருகுவதைக் கண்டு சுகாதாரத் துறை தொலைபேசியில் கேட்டபோதும், தண்ணீரில் குறை இல்லை என்றே பதில் போனது. கடைசியில் சுகாதாரத் துறையே சொந்தப் பொறுப்பில், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அறிவித்தது. 7 பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோய்வாய்ப்பட்டார்கள். ஏறக்குறைய 5,000 பேர் இருந்த ஊரில் அது பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த ஊரில் பணமும் இருந்தது, ஆய்வகமும் இருந்தது. கிருமி இருக்கிறது என்ற ஒரு வரி மட்டும் சில நாட்கள் ஒரு மேசையிலேயே இருந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் பீதி கிளம்பும் என்பது அதிகாரிகள் மட்டுமல்ல, நல்லெண்ணம் உள்ள பலரும் சொல்லும் ஆட்சேபம். நீர்மட்டம் இறங்குகிறது என்று சொன்னால் மக்கள் பதுக்குவார்கள், நைட்ரேட் கூடியிருக்கிறது என்றால் வாட்ஸ்அப்பில் விஷம் என்று பரவும் என்பார்கள். பீதிக்குத் தீனி போடுவது மௌனமே என்பதுதான் அனுபவம். 2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கம் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்குப் போனபோது, குடிநீர்தான் காரணம் என்று மக்கள் சொன்னார்கள். குடிநீர் காரணமல்ல என்று அரசுத் தரப்பு சொன்னது. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. வாராவாரம் பரிசோதனை முடிவைத் தெருவில் பார்த்துப் பழகிய ஊராக இருந்திருந்தால், அந்த வாரத்து எண்ணை நம்பவோ மறுக்கவோ ஒரு ஆதாரம் இருந்திருக்கும். நெருக்கடி வந்த பிறகு முதன்முதலாக வாய் திறப்பவரை யாரும் நம்புவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் இதற்கு எதிர்த் திசை உதாரணம். அணைகள் வற்றிய 2017, 2018இல் இருப்பு எவ்வளவு, குழாய்களை மூடும் நாள் எது என்று நகர நிர்வாகம் அப்பட்டமாகச் சொன்னது. எந்தத் தெருவில் எந்த வீடு அளவுக்குள் செலவழிக்கிறது என்று வரைபடமே வெளியிட்டது. 2015இல் நாளுக்குச் சுமார் 120 கோடி லிட்டராக இருந்த செலவு, 2018 தொடக்கத்தில் 50 கோடி லிட்டருக்குப் பக்கத்தில் வந்தது. கட்டண உயர்வும் கட்டுப்பாடுகளும் அதில் பங்கு வகித்தன. வீட்டுக்கணக்கைத் தெருவில் போடுவது நமக்கு ஒத்துவராது என்பதும் சரி. ஆனால் வெளிப்படையாகச் சொன்னதால் நகரம் பித்துப்பிடித்து ஓடவில்லை, சிக்கனத்துக்குத் திரும்பியது.

சாதாரண மக்களுக்கு மில்லிகிராமும் பி.எச். அளவும் புரியுமா என்பது அடுத்தது. ரத்தத்தில் சர்க்கரை 140, அழுத்தம் 130க்கு 80 என்று திண்ணையில் பேசும் தலைமுறை இது. எண்ணுக்குப் பயப்படுகிற காலம் போய்விட்டது. குர்கானில் ஜோத்ஸ்னா ஜாலன், ஈ. சோமநாதன் என்ற ஆய்வாளர்கள் வீடுகளின் குடிநீரைப் பரிசோதித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் முடிவைச் சொன்னார்கள். சுத்திகரிக்காமல் குடித்துக்கொண்டிருந்தவர்களில், உங்கள் தண்ணீர் அசுத்தம் என்று தெரிந்த வீடுகள் எட்டு வாரத்துக்குள் சுத்திகரிக்கத் தொடங்கிய விகிதம், சொல்லப்படாத வீடுகளைவிட 11 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதல். ஒரு சிறு தாள் செய்த வேலை. உண்மையில் ஊருக்குச் சொல்ல வேண்டிய எண்கள் நாலைந்துக்கு மேல் இல்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500 விதிப்படி, குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சியிருந்தால் வழியில் கிருமி சேர வாய்ப்புக் குறைவு. கரைந்த உப்புகளின் அளவு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சாக்கடையோ உரமோ மேலிருந்து இறங்குகிறது என்று அர்த்தம், கைக்குழந்தைக்கு அந்த நீரில் பால் கரைக்கக் கூடாது. குளோரின் வாடை அடிக்கிறது என்று முகம் சுளிப்பவருக்கு அந்த வாடை எதற்கு என்று சொன்னாலே பாதிப் புகார் தீரும். தண்ணீரைப் பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் ஒரே எண், கேன் தண்ணீரும் சுத்திகரிப்புக் கருவியும் விற்க வருகிறவர் ஒரு பேனாவைப் போலக் கருவியை நனைத்துக் காட்டும் டி.டி.எஸ். மட்டும்தான். பொது அமைப்பு பேசாத இடத்தில் வியாபாரி பேசுகிறார். அவர் காட்டும் எண் கிருமியைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை என்பதை அவர் சொல்லமாட்டார்.

சரி, எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறதே, ஒரு செயலி போதுமே என்று இளைஞர்கள் சொல்வார்கள். இந்த வாதத்துக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கே எதிரான சான்று இங்கேதான் இருக்கிறது. நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனம் முதலில் ஹூப்ளி–தார்வாடிலும் பிறகு பெங்களூரிலும், தண்ணீர் எப்போது வரும் என்று வீடுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. வால்வைத் திறக்கிறவர் திறந்ததும் தகவல் கொடுப்பார், அது அந்தப் பகுதிக் கைப்பேசிகளுக்குப் போகும். கேட்க அழகான ஏற்பாடு. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெங்களூரில் இதை முறையாகச் சோதித்தபோது பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. காரணங்கள்தான் பாடம். வால்வு திறப்பவருக்குத் தகவல் கொடுப்பது கூடுதல் வேலை. அதற்குக் கூலி இல்லை, கொடுக்காவிட்டால் கேட்பாரில்லை. நேரம் தவறாகச் சொன்னால் திட்டு மட்டும் அவருக்கு வரும். குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்த கைப்பேசி, தண்ணீருக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கையில் இல்லாமல் வேலைக்குப் போன ஆணின் சட்டைப்பையிலும் இருந்தது. தகவலுக்கும் ஒரு குழாய்ப் பாதை உண்டு. அதிலும் கசிவு உண்டு, அடைப்பு உண்டு. இதிலிருந்து தகவல் வீண் என்று முடிவுகட்டுவது தவறு. மேலே எவ்வளவு நவீனமாக இருந்தாலும், வால்வுச் சாவியைக் கையில் வைத்திருப்பவர் அந்த ஏற்பாட்டுக்குள் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்பதே கிடைக்கும் பாடம். அவர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியில் இருப்பவர், தெருவின் ஏச்சு முழுக்க வாங்குபவர். மேல்மட்டத்தில் எடுத்த முடிவை அவர் முகத்தில் எழுதி ஒட்டாமல் பலகையில் எழுதி ஒட்டினால் அவருக்கும் நிம்மதி.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியாவிலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு, 1997இல். விதிவிலக்குகள் மலிந்த சட்டம் என்றாலும் முதல் முதல்தான். மத்தியச் சட்டம் 2005இல் வந்தது. அதில் பலருக்கும் தெரிந்தது மனு எழுதி, பத்து ரூபாய் கட்டி, முப்பது நாள் காத்திருக்கும் பிரிவு. அதற்கு முன்னாலேயே நாலாம் பிரிவு இருக்கிறது: மனுவே தேவைப்படாதபடி, அலுவலகம் தானாக முன்வந்து தன் விவரங்களை வெளியிட வேண்டும் என்பது. குடிநீர்ப் பரிசோதனை முடிவை மனு போட்டு வாங்க வேண்டியிருந்தால், பதில் வருவதற்குள் அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும். இதில் ஓரிக்கைக்கு இன்னொரு சிக்கல். ஊராட்சியாக இருக்கும் வரை ஊருக்குக் கிராம சபை உண்டு. தமிழ்நாட்டில் இப்போது உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. ஊராட்சி நகரத்தோடு சேர்ந்தால் சபை போய்விடும். தெருவிளக்கும் சாலையும் கிடைக்கலாம். எழுந்து நின்று கேள்வி கேட்கும் கூட்டம் கிடைக்காது. காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சி ஆனது. நகரங்களுக்கான பகுதி சபை விதிகள் 2022இல் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, வாக்காளர்கள் கூடி, குடிநீர், விளக்கு, துப்புரவு பற்றிப் பேசலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் கையில் எண் எதுவும் இல்லாமல் கூட்டத்துக்குப் போகிறவர் என்ன பேசுவார்? எங்கள் தெருவுக்குத் தண்ணீர் சரியில்லை என்பார். சரிசெய்கிறோம் என்பார் அதிகாரி. மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி சேரும். சென்ற மூன்று மாதத்தில் பன்னிரண்டு நாள் தண்ணீர் விடவில்லை, நாலு மாதிரியில் ஒன்றில் குளோரின் இல்லை என்று சொல்ல முடிந்தால் அது வேறு கூட்டம்.

காஞ்சிபுரத்தைப் போலவே இன்னொரு கோயில் நகரம் இதைக் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறது. ஒடிசாவின் புரி, 2021 ஜூலையில் குழாயிலிருந்து நேராகக் குடிக்கும் தரத்தில் 24 மணி நேரமும் நீர் தரும் நகரம் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே என்னைக் கவர்வது குழாய் அல்ல. நீரின் தரத்தைப் பொது இடத்தில் ஒளிப்பலகையில் காட்டினார்கள். ஜலசாதி என்ற பெயரில் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய், வாசலிலேயே தண்ணீரைச் சோதித்துக் காட்டி, கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, புகாரையும் கேட்டு வந்தார்கள். பணம் வாங்க வரும் அதே கை பரிசோதனைக் குப்பியையும் கொண்டுவந்தால் கட்டணத்தைப் பற்றிய பேச்சே மாறும். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கெழுதிப் பழகிய குடும்பங்களுக்கும் பஞ்சமில்லை. புரிக்குக் கிடைத்த நிதி எல்லா ஊருக்கும் கிடைக்காது என்பது உண்மைதான். ஒளிப்பலகை இல்லாவிட்டால் கரும்பலகை போதும்.

செலவும் ஆளும் எங்கே என்ற கேள்விக்கு அந்தக் கரும்பலகையே பதில். மேல்நிலைத் தொட்டியின் கீழ், அல்லது ரேஷன் கடைச் சுவரில், இருப்புப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஐந்து வரி: ஓரிக்கைக் கிணற்றில் இன்றைய நீர்மட்டம், இந்த வாரம் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு விநியோகம், தொட்டி கழுவிய தேதி, கடைசியாகப் பார்த்த குளோரின் அளவும் தேதியும், சென்ற மாதம் வந்த புகார் எத்தனை, தீர்ந்தது எத்தனை. எழுத ஐந்து நிமிடம். இதற்கும் ஒரு ஆட்சேபம் எழும்: இப்படி எழுதி வைத்தால், சொன்ன நேரத்துக்கு வராத நாளில் சண்டைக்கு வருவார்கள். வருவார்கள்தான். இப்போதும் வருகிறார்கள், காலிக் குடத்தோடு சாலையில் உட்காருகிறார்கள், பேருந்து நிற்கிறது, லாரி வருகிறது, கலைகிறார்கள், ஏன் தண்ணீர் வரவில்லை என்பது கடைசிவரை யாருக்கும் தெரிவதில்லை. மோட்டார் பழுது, புதன்கிழமை சரியாகும் என்று பலகையில் இருந்தால் சண்டை புதன்கிழமைக்குத் தள்ளிப்போகும், அதற்குள் மோட்டார் சரியாகியும் விடலாம். மேல்பகுதித் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன ஆறு இது. மணல் அள்ளியதில் மெலிந்த ஆறு. நீர்மட்டம் என்ற முதல் வரி மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போவதைத் தறிக்காரரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் பேருந்துப் பணிமனையிலிருந்து வரும் ஓட்டுநரும் தினமும் பார்த்தபடி போனால், ஆற்றில் நடப்பது ஊர் விஷயமாகும். சில நாட்கள் எழுத ஆள் வராது, சில வரிகள் நிரம்பாது. குளோரின் என்று எழுதியதற்கு எதிரே கட்டம் மூன்று வாரமாகக் காலியாக இருக்கும். அரிசி வாங்க வரிசையில் நிற்கும் யாராவது ஒருவர் அதைக் கவனித்து, பக்கத்தில் நிற்பவரிடம் இது ஏன் இன்னும் காலியாக இருக்கிறது என்று கேட்பார்.